முடியாத ஆல்பங்களும் நிரம்பிய டிஸ்குகளும்: குமரி மேற்கில் ஒரு திருமண ஸ்டுடியோவின் நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் இடையே உள்ள ஒரு திருமண ஸ்டுடியோவின் ஹார்ட் டிஸ்குகளைக் காலி செய்து கொடுக்கும் வேலையாகத்தான் இது என்னிடம் வந்தது. பிலிம் ரோல் காலத்தில் தந்தை தொடங்கிய கடையை இப்போது மகன் நடத்துகிறார்; தந்தை கல்லாவில் உட்கார்ந்து பில் புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஓர் எடிட்டரும், ஆல்பம் வடிவமைக்கும் ஒரு பெண்ணும் உடன் வேலை செய்கிறார்கள். ஆடியில் இந்துத் திருமணங்கள் நடப்பதில்லை, தவக்காலத்தில் கிறிஸ்தவத் திருமணங்கள் குறைந்துவிடும் என்பதால், இந்தத் தொழிலில் மூச்சுவிடக் கிடைப்பவை அந்த இரண்டு இடைவெளிகள்தாம். ஆவணி பிறந்து வேலை குவிவதற்குள் பழையதை எல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்று ஆடித் தொடக்கத்தில் என்னை அழைத்திருந்தார்கள்.

மேசை இழுப்பறையிலும் அலமாரியிலும் கிடந்த டிஸ்குகளில் பெரும்பாலானவற்றின் மேல் ஆண்டு மட்டும் எழுதி ஒட்டியிருந்தது. சிலவற்றின் மேல் ஆண்டுகூட இல்லாமல், “பார்க்கணும்” என்ற ஒரே சொல் இருந்தது. ஒவ்வொரு டிஸ்கு நிரம்பும்போதும் இன்னொன்று வாங்கியிருக்கிறார்கள். இதில் பெரியவருக்கு ஒரு தனி மனக்குறையும் உண்டு: ஒரு டெராபைட் என்று சொல்லி வாங்கிய டிஸ்கு கணினியில் 931 ஜிபி என்றே காட்டுவதால், விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று வெகுநாளாக நம்பிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆகக் கணக்கிடுகிறது, இரண்டும் ஒரே அளவுதான் என்று விளக்கியபோது அவருக்கு அரை மனதாகத்தான் சமாதானம் ஆயிற்று.

மென்பொருளால் முடியாதது

இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்து நீக்கும் மென்பொருள் ஒன்றை எடிட்டர் முன்பே ஓட்டிப் பார்த்திருந்தார். அது ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சிவப்பில் காட்டியது. ஆனால் எதை அழிப்பது என்று கேட்டபோது யாருக்கும் கை வரவில்லை. அந்தத் தயக்கம் நியாயமானதுதான் என்பது டிஸ்குகளைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது. கேமராக்கள் படத்துக்குத் தரும் எண் 9999-ஐத் தாண்டியதும் மீண்டும் 0001-இலிருந்து தொடங்கும். ஒரே கல்யாணத்தில் ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்கள் ஓடினால், தாலி கட்டும் படத்துக்கும் பந்தியில் சாம்பார் ஊற்றும் படத்துக்கும் ஒரே பெயர் அமையலாம். பெயரைப் பார்த்து அழித்தால் எது போகும் என்று சொல்ல முடியாது. உள்ளடக்கத்தை பைட்டுக்கு பைட் ஒப்பிடும் முறை இதைவிடப் பாதுகாப்பானது என்றாலும், ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து சற்றே வெளிச்சம் கூட்டிச் சேமித்துவிட்டால், கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் அந்த இரண்டும் கணினிக்கு வெவ்வேறு கோப்புகள் ஆகிவிடுகின்றன.

வீடியோவில் சிக்கல் வேறு விதம். பிரீமியர் போன்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் புராஜெக்ட் கோப்பு தனக்குள் வீடியோ எதையும் வைத்துக்கொள்வதில்லை. எந்த டிஸ்கில் எந்த ஃபோல்டரில் எந்தக் கிளிப் இருக்கிறது என்ற முகவரிகளை மட்டுமே வைத்திருக்கிறது. இரட்டைப் பதிவு என்று நினைத்து, அந்த முகவரியில் இருக்கும் பிரதியை நீக்கிவிட்டால், பாதி வெட்டி ஒட்டிய வேலை முழுவதும் சிவப்புத் திரையில் “மீடியா ஆஃப்லைன்” என்று வந்து நிற்கும். ஆகவே பிரதிகள் ஏன் பெருகின என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டியிருந்தது.

அதற்காக ஒரே ஒரு ஃபோல்டரை எடுத்துக்கொண்டோம். குழித்துறைப் பக்கத்து மண்டபம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த கல்யாணம். உள்ளே ‘கார்டு 1’, ‘கார்டு 2’, ‘ட்ரோன்’ என்று மெமரி கார்டுகளிலிருந்து இறக்கியவை, அவை மூன்றும் அப்படியே மறுபடி இருக்கும் ‘பேக்கப்’, வாடிக்கையாளர் குறித்துக் கொடுத்த எண்களின்படி பிரித்த ‘செலக்‌ஷன்’, அதன் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேறு எண்கள் கொடுத்ததால் ‘செலக்‌ஷன் மாப்ள வீடு’, ‘ஆல்பம்’, ‘ஆல்பம் கரெக்‌ஷன்’, கடைசியாக ‘ஆல்பம் மாமா கரெக்‌ஷன்’. மணப்பெண்ணின் தாய்மாமன் நிற்கும் படம் எந்தப் பக்கத்திலும் பெரிதாக வரவில்லை என்று வீட்டில் பேச்சு எழுந்ததால், வடிவமைப்பாளர் ஆல்பம் முழுவதையும் நகல் எடுத்து, அதில் ஒரே ஒரு ஷீட்டை மாற்றியிருக்கிறார். 12க்கு 36 அங்குல ஷீட்டை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் செய்தால், அது 3600க்கு 10,800 பிக்சல், அதாவது 3 கோடியே 88 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். லேயர் (படத்தையும் எழுத்தையும் தனித்தனியாக வைக்கும் அடுக்கு) எதுவும் இல்லாமல், சுருக்காமல் வைத்தாலே ஒரு ஷீட் 116 எம்பியைத் தாண்டும். லேயர்கள் சேர்ந்தால் அது சில மடங்காகும். மாமா ஒருவருக்காக இத்தனை ஷீட்டும் இன்னொரு முறை டிஸ்கில் ஏறியிருந்தன. பழைய நகலை ஏன் நீக்கவில்லை என்று கேட்டதற்கு வடிவமைப்பாளர் சொன்ன பதில் தெளிவானது: மாமாவின் ஷீட்டுக்குக் கடைசி ஒப்புதல் வரவே இல்லை. ஒப்புதல் வராததால் ஆல்பம் அச்சுக்குப் போகவில்லை. அச்சுக்குப் போகாததால் எந்த நகல் இறுதியானது என்று முடிவாகவில்லை.

பில் புத்தகத்தை எடுத்துவைத்தபோது

இதற்குப் பிறகு டிஸ்குகளை மூடிவைத்துவிட்டுப் பெரியவரின் பில் புத்தகங்களை எடுத்தோம். கார்பன் தாள் வைத்து எழுதிய அந்தப் புத்தகங்களில் ஒவ்வோர் ஆர்டருக்கும் தேதி, வாங்கிய அட்வான்ஸ், கொடுக்க வேண்டிய பொருள்கள், பாக்கி ஆகியவை இருந்தன. ஒப்படைத்த ஆர்டரின் மேல் குறுக்குக்கோடு போட்டிருந்தார். ஒரு தாளில் ஆர்டர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தெந்த டிஸ்கில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தோம். கோடு விழுந்த ஆர்டர்கள் எண்ணிக்கையில் மிகுதி. ஆனால் இடத்தைப் பிடித்திருந்தவை பெரும்பாலும் கோடு விழாதவை. முடிந்த கல்யாணங்களின் ஃபோல்டர்களை எடிட்டர் ஏதோ ஒரு கட்டத்தில் தானாகவே மெலியவைத்திருந்தார். முடியாதவற்றைத் தொட அஞ்சி, டிஸ்கு மாற்றும்போதெல்லாம் முன்ஜாக்கிரதையாக இன்னொரு பிரதி எடுத்துவைத்திருந்தார். குப்பை என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது, உண்மையில் நிலுவையிலிருந்த வேலைதான் என்று அந்தத் தாள் காட்டியது.

வேலை ஏன் நின்றது என்று தேடியபோது ஸ்டுடியோவின் சோம்பலைக் காட்டிலும் இந்த வட்டாரத்தின் வாழ்க்கைமுறையே மிகுதியாக வெளிப்பட்டது. மாப்பிள்ளை வளைகுடா நாடொன்றிலிருந்து லீவில் வருகிறார். நிச்சயம், கல்யாணம், மறுவீடு, உறவினர் வீட்டு விருந்துகள் எல்லாம் அந்த லீவுக்குள் நடந்தாக வேண்டும். ஸ்டுடியோ படங்களைப் பிரித்துத் தேர்வுக்குக் கொடுக்கும் வேளையில் அவர் விமானம் ஏறிவிடுகிறார்; விசா கிடைத்ததும் பெண்ணும் போய்விடுகிறார். ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து இருநூறு சொச்சம் படங்களைத் தேர்ந்தெடுப்பது, இரண்டு நாடுகளிலும் இரண்டு குடும்பங்களிலுமாகப் பிரிந்து கிடக்கும் ஆறேழு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அடுத்த லீவுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகிறது. அடுத்த லீவில் குழந்தையின் ஞானஸ்நானம் வந்துவிடுகிறது. ஒரு தம்பதியருக்குக் கல்யாண ஆல்பம் நிலுவையில் இருக்க, ஞானஸ்நான ஆல்பத்தை இதே கடை ஒரே மாதத்தில் முடித்துக் கொடுத்திருக்கிறது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஸ்டுடியோவின் பொறுப்பில் தேங்கியவையும் இருந்தன. ஹைலைட்ஸ் வீடியோவைத் தன் கைத்திறன் தெரியும்படி செய்ய வேண்டும் என்று எடிட்டர் சிலவற்றை ஒதுக்கிவைத்திருந்தார். நல்ல நேரம் அமையும்போது செய்யலாம் என்று ஒதுக்கியவற்றுக்கு அந்த நேரம் வரவே இல்லை. பாக்கித் தொகை பற்றிய மனத்தாங்கலால் இரு தரப்பும் பேசாமல் விட்டவை வெகு சிலவே.

கேட்ட விதம்

இந்த இடத்தில் சட்டம் குறித்தும் பேச வேண்டியதாயிற்று. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-இன்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கைம்மாறு பெற்று எடுத்த ஒளிப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கடையின் பில்லில் இது குறித்து ஒரு வரியும் இல்லை. அப்படியானால் அந்தப் படங்கள் வாடிக்கையாளருடையவை. இடம் இல்லை என்று ஸ்டுடியோ தன்போக்கில் அழித்துவிட்டு நாளை ஒருவர் வந்து கேட்டால் சொல்வதற்குப் பதில் இருக்காது. அழிப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் கேட்டாக வேண்டும் என்பதில் தந்தையும் மகனும் அன்றே உடன்பட்டார்கள்.

எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் முதலில் போன செய்தி இப்படி இருந்தது: “தங்கள் ஆல்பம் வேலை நிலுவையில் உள்ளது. செலக்‌ஷனும் பாக்கித் தொகையும் தந்து ஒத்துழைக்கவும்.” நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. பணம் கேட்கும் செய்திக்கு யாரும் உடனே பதில் போடுவதில்லை என்பது ஊரறிந்த விஷயம். இரண்டாவது செய்தியில் பணத்தைப் பற்றிய பேச்சை எடுத்துவிட்டு, கேள்வியையும் ஒன்றாகச் சுருக்கினோம்: “உங்கள் கல்யாணப் படங்கள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. நாங்களே படங்களைத் தேர்ந்தெடுத்து ஆல்பத்தை முடித்துத் தரலாமா? ‘சரி’ என்று மட்டும் போட்டால் போதும்.” சவூதியிலும் குவைத்திலும் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், அதை வெள்ளி மதியத்துக்கு மேல் அனுப்பினார்கள். அன்று இரவுக்குள்ளேயே பலரிடமிருந்து “சரி” வந்தது. சிலர் குரல்பதிவில் மன்னிப்பே கேட்டிருந்தார்கள். இத்தனை ஆண்டுகளாக அவர்களுக்கும் அது ஓர் உறுத்தலாகவே இருந்திருக்கிறது. என் கருத்தில் இந்த முழு வேலையிலும் உண்மையான திருப்பம் இதுதான்: இருநூறு தேர்வுகளைச் செய்ய முடியாமல் நின்றவர்களால் ஒரே ஒரு முடிவை எடுக்க முடிந்தது.

பணத்தைப் பற்றித் தனியே, தொலைபேசியில், பெரியவரே பேசினார். சிலர் முழுத் தொகையும் அனுப்பினார்கள். சிலருக்கு ஆல்பத்தின் ஷீட்டுகளைக் குறைத்து, கொடுத்த அட்வான்ஸுக்குள் முடித்தார்கள். இனி ஆல்பமே வேண்டாம், படங்களை மட்டும் கொடுங்கள் என்றவர்களுக்கு எல்லாவற்றையும் பென் டிரைவில் கொடுத்து, பில் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு குறுக்குக்கோடு போட்டார்கள். இந்தக் கடைசி வகையை ஏற்பது மகனுக்கு எளிதாக இருந்தது. தந்தைக்கு அப்படி இல்லை. வாங்கிய வேலையைச் செய்யாமல் மூடுவதா என்று அவர் மனம் கேட்கவில்லை. வேண்டாம் என்று உரியவரே சொன்ன பிறகு அதைச் சுமந்துகொண்டிருப்பது யாருக்காக என்று மகன் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கோடு போட்டவர் அவர்தான். எடிட்டர் ஒதுக்கிவைத்திருந்த ஹைலைட்ஸ் வீடியோக்களுக்கு வேறொரு வரையறை வைத்தோம்: நான்கு நிமிடத்துக்குள், ஒரே பாட்டில், ஆடி முடிவதற்குள். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்; பார்த்த வீட்டார் ஒருவரும் குறை சொல்லவில்லை.

எண் மாறியவர்களைத் தேடியது தனி வேலை. பெண் வீட்டின் பழைய லேண்ட்லைன், மண்டபக்காரர், பந்தல் போட்டவர் என்று விசாரித்ததில் பெரும்பாலோர் கிடைத்தார்கள். அப்படித் தேடிப்போன இடங்களில் ஒன்று தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்து வீடு. அக்காளின் கல்யாண ஆல்பம் பாதியில் நின்றிருந்தது. அந்தக் கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்த தம்பி, 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஓகிப் புயலின்போது கடலில் இருந்தவர், திரும்பி வரவில்லை. தேர்வு செய்த படங்களில் அவர் இல்லை. தேர்வாகாதவற்றில் பல இடங்களில் இருந்தார்: வாழையிலை சுமந்துகொண்டு, கார் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டு. “எல்லாப் படமும் குடுங்க மக்கா, ஒண்ணும் களையாண்டாம்” என்று தாயார் சொல்லியனுப்பினார். எல்லாவற்றையும் போட்டுவைத்ததால்தானே இது கிடைத்தது என்று எடிட்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். மறுப்பதற்கில்லை. பில் தேதியைக் கொண்டு அந்த ஃபோல்டரைக் கண்டுபிடித்திராவிட்டால் அது டிஸ்கில் இருந்தும் பயனில்லை என்று மட்டும் சொன்னேன். இதன் பிறகு ஒரு விதி வந்தது: தேர்வாகாத மூலப் படங்களை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டே ஸ்டுடியோ தன் பிரதியை நீக்கும்.

அழித்தவை, வைத்தவை

ஆர்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு அழிக்கும் வேலை வியப்பூட்டும் அளவுக்கு விரைந்து முடிந்தது. எதைப் பற்றியும் விவாதிக்க வேண்டியிருக்கவில்லை. வீடியோ மென்பொருள் தன் வேகத்துக்காக உருவாக்கிக்கொள்ளும் கேஷ் கோப்புகளும் பிரிவியூ கோப்புகளும் முதலில் போயின. தேவைப்பட்டால் அவை மீண்டும் உருவாகும் என்பதால் இழப்பு இல்லை. அச்சாகி ஒப்படைத்த ஆல்பங்களின் லேயர் கோப்புகளை நீக்கி, ஷீட்டுகளின் முழு அளவு ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மாமா கரெக்‌ஷன் வரைக்குமான எல்லா நகல்களும் அவ்வாறே போயின. மாமா ஒப்புக்கொண்ட ஷீட் ஆல்பத்தில் இருக்கிறது.

வைக்க வேண்டியவற்றுக்கு இரண்டு பிரதிகள் எடுத்தோம். ஒன்று கடையில், மற்றொன்று சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டில். நகல் எடுத்ததும், அது மூலத்தோடு அப்படியே பொருந்துகிறதா என்று காட்டும் செக்சம் எண்ணை ஒப்பிட்டு, பிறகு இரண்டாவது பிரதியிலிருந்து சில படங்களையும் வீடியோவின் நடுப்பகுதியையும் திறந்து பார்த்த பின்னரே பழையது அழிக்கப்பட்டது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. லென்ஸில் பூஞ்சை பிடிப்பதைத் தொழிலில் உள்ள எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே டிஸ்குகளை இழுப்பறையிலிருந்து எடுத்து, கேமரா வைக்கும் சிலிக்கா ஜெல் பெட்டியிலேயே வைத்தார்கள். பழைய டிவிடிக்களில் படிக்க முடிந்தவற்றை மாற்றிக்கொண்டு மற்றவற்றை உடைத்துப் போட்டாயிற்று.

இணையத்தில் இருந்தவை சிறியவை என்றாலும் அவசரமானவை. முன்பு வேலை பார்த்துப் போன ஒருவர் தொடங்கிய கூகுள் கணக்கிலிருந்து பல வாடிக்கையாளர்களுக்குப் படங்களின் இணைப்பு போயிருந்தது. கூகுள் போட்டோஸில் இலவசமாக அளவின்றி ஏற்றும் வசதி 2021 ஜூன் 1 அன்றே நின்றுவிட்டது. இலவசக் கணக்கு என்றால் 15 ஜிபிக்குள் எல்லாம் அடங்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் தொடப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கலாம் என்பதும் கூகுள் அறிவித்த கொள்கை. அந்தப் பழைய பணியாளர் கடவுச்சொல்லை நினைவுகூர்ந்து சொன்னதால் கணக்கைத் திறந்து, உள்ளிருந்தவற்றை இறக்கி, கடையின் பெயரிலுள்ள கணக்குக்கு மாற்ற முடிந்தது. வாட்ஸ்அப்பில் வந்த படமே போதும் என்று நினைத்திருந்த ஒரு வீட்டார், அதைப் பெரிதாக அச்சிட்டு, முகம் கலங்கிப்போய்க் கொண்டுவந்திருந்தார்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும் என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார் வடிவமைப்பாளர். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தொடங்கி அப்படியே விட்டிருந்த பணியாளர் குழுக்களை மகன் ஒரே மாலையில் கலைத்தார்.

எஞ்சியவை

இப்போது பில்லின் பின்புறத்தில் மூன்று வரிகள் அச்சாகின்றன. படத் தேர்வை எத்தனை நாளுக்குள் தர வேண்டும், தராவிட்டால் ஸ்டுடியோவே தேர்ந்தெடுக்கும் என்பது, ஒப்படைத்த பின் படங்கள் எத்தனை காலம் கடையில் இருக்கும் என்பது ஆகியவையே அவை. கையெழுத்து விழுந்த அன்றே ஃபோல்டரை மெலியவைத்து நிரந்தர டிஸ்குக்கு நகர்த்துவது வடிவமைப்பாளரின் பொறுப்பு. புதிய டிஸ்கு வாங்கும் பேச்சு நின்றுவிட்டது. எடிட்டரின் கணினியில் மட்டும் ‘மிச்சம்’ என்று ஒரு ஃபோல்டர் மறுபடி முளைத்திருக்கிறது. மகன் அதைக் கண்டும் காணாமல் இருக்கிறார்.

மூடப்படாத ஆர்டர்கள் இரண்டு உள்ளன. ஒன்றில் எந்த எண்ணும் கிடைக்கவில்லை. குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போயிருக்கிறது. மற்றொன்றில் தம்பதியர் பிரிந்துவிட்டனர்: பில்லில் பெயர் உள்ள பெண்ணின் தகப்பனார் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்கிறார், மாப்பிள்ளை வீட்டார் தங்கள் உறவினர் படங்களையாவது கொடுங்கள் என்கிறார்கள். பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர் தகப்பனார்தான் என்பதால், அவர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை என்றும், வழக்கு நடப்பதால் அது முடியும்வரை எதையும் அழிப்பதில்லை என்றும் பெரியவர் இரு தரப்புக்கும் சொல்லிவிட்டார். அந்த இரண்டு ஃபோல்டர்களும் தனி டிஸ்கில் இருக்கின்றன. மேலே ஆர்டர் எண்ணும், யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறது என்பதும் எழுதி ஒட்டியிருக்கிறது.